‘ஒலிபெருக்கி வசதி – 1’: கோடைக் கலைவிழா நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் மாநகர, நகர, பிரதேச சபைகளின் முதல்வர்களுக்கும் தவிசாளர்களுக்கும், பிரதேச செயலகங்களின் கலாசார உத்தியோகத்தர்களுக்கும், ஊர் விழாக் குழுவினருக்கும்,

வணக்கம்.

ஆனி, ஆடியில் வாவிக்கரையிலும் கடற்கரையிலும் நடக்கும் கலைவிழாக்களுக்கு நீங்கள் கூறுவிலை கேட்டு அனுப்பும் கடிதங்களைப் பற்றித்தான் இந்த மடல். அந்தக் கடிதங்களில் கதிரை 600 என்று இருக்கும். பொன்னாடை எத்தனை, மாலை எத்தனை, சிற்றுண்டிப் பொதி எத்தனை என்று தனித்தனியே இருக்கும். மேடைக்கும் ஒலிக்கும் ஒளிக்கும் மட்டும் இரண்டு வரிதான்: ‘ஒலிபெருக்கி வசதி – 1’, ‘மின்விளக்கு – தேவையான அளவு’. மூன்று கூறுவிலை வரும். குறைந்ததற்குக் கையொப்பம் விழும். கணக்காய்வுக்கு அது போதும். ஆனால் அந்த மூன்று பேரும் மூன்று வெவ்வேறு பொருளுக்கு விலை சொல்லியிருப்பார்கள். ஒருவர் கலியாண வீட்டுக்குப் போடும் இரண்டு ஸ்பீக்கரை நினைத்திருப்பார், இன்னொருவர் இசைக்குழுவுக்குப் போடும் பெரிய செற்றை. விழா அன்று கூத்து, வீணை, பகிடி, உரை எல்லாம் அந்த ஒரே வரியின் வழியாகத்தான் சனத்தின் காதுக்குப் போக வேண்டும்.

அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு ஒரு பக்கம் எழுதுங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள். அதில் என்ன எழுதுவது, ஏன் எழுதுவது என்பதைக் கீழே சொல்கிறோம்.

முதலில் நாள். அழைப்பிதழ் அச்சடித்த பிறகு மாற்ற முடியாதது இது ஒன்றுதான். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறந்து குளிர்த்திச் சடங்கு முடியும்வரை விழா வைக்காதீர்கள். உங்களுக்கு வேண்டிய உடுக்குக்காரரும் பாடுவோரும் பார்வையாளரும் அங்கேதான் இருப்பார்கள். கதிர்காமப் பாதயாத்திரை திருக்கோவில், பொத்துவில், உகந்தை வழியாகப் போகும் வாரங்களில் அம்பாறைக் கரையோரத்தில் மேடை போட்டால் கதிரைதான் பார்க்கும். ஆடி அமாவாசையில் மாமாங்கத்திலும் திருக்கோவிலிலும் தீர்த்தம். நோன்பும் ஹஜ்ஜுப் பெருநாளும் ஒவ்வோர் ஆண்டும் ஏறக்குறைய 11 நாள் முன்னே வருவதால், போன வருட நாட்காட்டியைப் பார்த்து நாள் குறிப்பது காத்தான்குடி, ஏறாவூர், கல்முனைப் பக்கத்தில் சரிவராது. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் சிறுபோக அறுவடை தொடங்கிவிட்டால் வயற்காரர் வரமாட்டார், கூத்துக்காரரில் பாதிப்பேர் வயற்காரர்தான். பரீட்சைத் திணைக்களத்தின் அட்டவணையையும் மேசையில் வைத்துக்கொண்டே நாளைக் குறியுங்கள். இவ்வளவையும் கழித்தால் மிஞ்சுவது இரண்டோ மூன்றோ வார இறுதிகள்தான். சித்திரையில் வைக்கலாமே என்று யாராவது சொன்னால், அந்த மாதத்துப் பின்னேர இடிமழையை நினைவூட்டுங்கள். புரட்டாதிக்குப் பிறகும் அதே நிலைதான்.

அடுத்தது காற்று. இதைத்தான் ஒருவரும் கேட்பதில்லை. கோடையில் இங்கே பின்னேரம் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும். பொழுதுபட்டபின் அது தளர்ந்து, மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் கச்சான் காற்று எடுக்கும். 4 மணிக்கு மைதானத்தைப் பார்த்து மேடையின் திசையைத் தீர்மானித்தவர் 8 மணிக்குத் தவறிப்போவார். முதல் நாள் இரவு 8 மணிக்கு ஒரு கம்பில் ரிபன் கட்டிப் பாருங்கள். காற்று மேடையின் முதுகிலிருந்து சனத்தை நோக்கி அடிக்க வேண்டும். எதிர்த்து அடித்தால் ஒலி மேல்நோக்கி வளைந்துவிடும், முப்பதாவது மீற்றரில் இருப்பவருக்குப் பாடகியின் வாய் அசைவது மட்டும் தெரியும். உடனே ஒலியைக் கூட்டச் சொல்லி முன்வரிசையிலிருந்து சைகை வரும். கூட்டினால் முன்னால் உள்ளவர் காதைப் பொத்துவார், பின்னால் உள்ளவருக்கு அப்போதும் கேட்காது.

ஆக, பெரும்பாலான இடங்களில் மேடையின் முதுகு மேற்கே இருப்பது நல்லது. இதனால் ஒரு சங்கடம்: பொழுது படும்வரை சனத்தின் கண்ணில் வெயில் குத்தும். ஆனியில் சூரியன் மறைய ஏறக்குறைய 6.25 ஆகும். மேடை நிகழ்ச்சியை 6.45க்குத் தொடங்கினால் வெயிலும் போய்விடும், மஃரிப் பாங்கும் கோயில் மாலைப் பூசையும் முடிந்திருக்கும். மைக்கை 6.15க்கு முன்பே பார்த்து முடித்து, 6.15 முதல் 6.45 வரையான அரை மணியைச் சத்தமின்றி மேடையை மாற்ற ஒதுக்கிவிடுங்கள். பாங்கு சொல்லும்போது ‘ஹலோ மைக் டெஸ்ரிங்’ என்று கத்தும் அவமானமும் தப்பும்.

காற்றோடு சேர்த்து ஃபிளெக்ஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேடையின் பின்புறத்தில் 20 அடிக்கு 10 அடி ஃபிளெக்ஸ் கட்டுகிறீர்கள். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் காற்று வந்தால் அந்த 200 சதுர அடியில் விழும் தள்ளுவிசை சுமார் 140 கிலோ பாரத்துக்குச் சமம். அதைத் தாங்குவது இரண்டு கமுகு மரமும் நைலோன் கயிறும். காற்று முதுகுப் பக்கமிருந்து வருகிறது என்று மேலே சொன்னோம், ஆகவே விழுந்தால் ஆடுபவர் தலையில்தான் விழும். பின்னணிக்குக் கண்ணுள்ள வலைத்துணி கட்டுங்கள், விழாவின் பெயரை அதன் நடுவில் 8 அடிக்கு 3 அடியில் எழுதினால் போதும். ஃபிளெக்ஸ்தான் வேண்டுமென்றால் சட்டத்தின் இரு கால்களிலும் 200 லீற்றர் பரல் ஒவ்வொன்றை வைத்து நீர் நிரப்பிக் கட்டுங்கள். அனுசரணையாளரின் பெரிய பதாகைகளை மேடைக்கு அருகே வைக்காமல் வாசலில் நடுங்கள், அங்கே அவை விழுந்தாலும் புல்லில்தான் விழும்.

மட்டக்களப்புக் காந்தி பூங்கா போன்ற வாவியோர இடங்களில் இன்னொன்றும் நடக்கும். பகலில் சூடான தரைக்கு மேல் ஒலி மேலே வளைந்து போய்விடும். இரவில் நீருக்கு மேல் உள்ள காற்று குளிர்ந்து, அதற்கு மேலே வெப்பமான காற்று நின்றால், ஒலி கீழ்நோக்கி வளைந்து நீரின் மேலாக நெடுந்தூரம் போகும். அதனால்தான் மைதானத்தின் கடைசி வரிசைக்கு எட்டாத பாட்டு வாவியின் அக்கரையில் தூங்கும் குழந்தையை எழுப்புகிறது. அதிலும் ‘டம் டம்’ என்ற அடித்தொனிதான் கூடத் தூரம் போகும். பொலிஸுக்கு முதல் முறைப்பாடு அக்கரையிலிருந்து வருவதற்கு இதுவே காரணம். ஸ்பீக்கர்களை நீரை நோக்கித் திருப்பாதீர்கள். கோட்டை மதில், பாடசாலைக் கட்டடம் போன்ற நேர்ச்சுவரை நோக்கியும் வேண்டாம். 60 மீற்றருக்கு அப்பால் உள்ள சுவரிலிருந்து எதிரொலி திரும்பி வர மூன்றில் ஒரு செக்கன் ஆகும், பேசுபவரின் ஒவ்வொரு சொல்லும் அடுத்த சொல்லின் மேல் விழும்.

இனி அந்த ஒரு பக்கத்தில் எழுத வேண்டிய ஒலி விபரம். ஆற்றலை ‘10,000 வாட்ஸ்’ என்று கேட்காதீர்கள். அந்த எண்ணை யாரும் எப்படியும் எழுதலாம். எத்தனை பேர், எந்த வரிசை எவ்வளவு தூரம், என்னென்ன நிகழ்ச்சி என்று எழுதுங்கள். தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபல் குறையும். ஸ்பீக்கர் தரையில் இருந்து, முதல் வரிசை 3 மீற்றரிலும் கடைசி வரிசை 30 மீற்றரிலும் இருந்தால் இருவருக்கும் இடையில் 20 டெசிபல் வித்தியாசம். இதற்கு மருந்து இரண்டு. ஸ்பீக்கரை 10 அடிக்கு உயர்த்திச் சற்றே கீழே சரிக்க வேண்டும். 20 மீற்றரில் சிறிய ஸ்பீக்கர் இரண்டை வைத்து, அவற்றுக்குப் போகும் ஒலியைத் தாமதப்படுத்த வேண்டும். நம்மூர் இரவு வெப்பத்தில் ஒலி செக்கனுக்கு 350 மீற்றர் அளவில் ஓடுகிறது, ஆகவே 20 மீற்றருக்கு 57 மில்லிசெக்கன். அதற்கு மேல் ஒரு 10 மில்லிசெக்கனைக் கூட்டினால் குரல் பக்கத்து ஸ்பீக்கரிலிருந்து வருவதாகத் தோன்றாது, மேடையிலிருந்தே வருவதாகத் தோன்றும். தாமதம் கொடுக்காமல் பின்னால் ஸ்பீக்கர் வைப்பது வைக்காமல் விடுவதை விட மோசம். ஆகவே ‘தாமதம் கொடுக்கக்கூடிய மிக்சர்’ என்று கடிதத்தில் எழுதுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2022 இல் வெளியிட்ட வரையறைப்படி, இசை நிகழ்விடங்களில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது. சிறு ஊர் மைதானத்துக்கு மிக்சர் மேசையில் 90 முதல் 95 தாராளம். உரைக்கு 75 போதும். இந்த எண்களையும் கடிதத்தில் போடுங்கள். போட்டால்தான் இரவு 9 மணிக்கு மிக்சரில் இருக்கும் பையன் யாருடைய சைகைக்கும் ஒலியைக் கூட்டாமல் இருக்க முடியும்.

கூத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் இந்த விழாக்களில் அதிகம் கெடுவது அதுதான். வட்டக்களரியில், சுற்றிவர இருக்கும் சனத்துக்கு நடுவே, கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரும் மத்தளமும் சல்லரியும் பிற்பாட்டுக்காரரும் களரிக்குள்ளேயே நிற்க ஆடிய கலை அது. அதைத் தூக்கி 24 அடிக்கு 16 அடிப் பெட்டி மேடையில் வைத்து, முன்னால் மூன்று மைக்கை நட்டுவிடுகிறீர்கள். உடனே என்ன நடக்கிறது? பாட வேண்டியவர் மைக்குக்கு வர வேண்டும். வட்டம் உடைந்து கோடாகிறது. மைக்கின் முன் நின்று பாடும்போது கால் நிற்கிறது, ஆடும்போது பாட்டுக் கேட்பதில்லை. விரிந்த கரப்புடுப்புக் கட்டிய, வடமோடிப் பாணிக் கூத்தின் அரசன் சுழல 6 அடி விட்டம் வேண்டும், இரண்டு அரசர் எதிர்நின்று ஆடினால் அந்த மேடையில் மைக் ஸ்ராண்ட் விழும், அல்லது அரசர் விழுவார். பிளைவூட் மேடை உள்ளே வெற்றாக இருப்பதால் ஒவ்வொரு மிதியும் மைக் வழியாக இடியாக வரும். அதைத் தவிர்க்கச் சிவப்புக் கம்பளம் விரித்தால் மிதியின் ஓசையும் சதங்கையும் சேர்ந்தே மங்கும். தாளக்கட்டுத் தெரிந்த எவரும் அந்த மேடையைப் பார்த்ததும் முகத்தைச் சுழிப்பார்.

கூத்துக்கு மேடை வேண்டாம். மைதானத்தின் ஓர் ஓரத்தில் 26 அடி விட்டத்தில் மண் கொட்டி, நீர் தெளித்து, திம்சு போட்டு இறுக்கி ஓரடி உயர்த்துங்கள். 26 அடி வட்டத்துக்கு ஓரடி உயரத்தில் 530 கன அடி மண் வேண்டும், இறுகுவதற்குச் சேர்த்து ஆறு கியூப். ஒரு கியூப் என்பது 100 கன அடி. மண்ணை விழாவுக்கு முதல் நாள் கொட்டாதீர்கள், நான்கு நாளாவது நீர் விட்டு இறுக வேண்டும். இல்லையென்றால் முதல் வரவாட்டத்திலேயே புழுதி எழுந்து பாடுபவரின் தொண்டையை அடைத்துவிடும். சுற்றிவரப் பாய் போட்டு 5 மீற்றர் அகலத்துக்குச் சனத்தை இருத்தினால் 400 பேர் தாராளமாக இருக்கலாம், கடைசி ஆள் கூடக் களரியின் விளிம்பிலிருந்து 5 மீற்றரில்தான் இருப்பார். இந்தத் தூரத்துக்கு மைக்கே தேவையில்லை, மற்ற மேடை அந்நேரம் வாயை மூடியிருந்தால். அதைத்தான் நிகழ்ச்சி நிரலில் எழுத வேண்டும்: களரி ஆடும்போது பெருமேடை நிறுத்தம். கட்டாயம் ஒலி கூட்ட வேண்டுமென்றால் களரிக்கு மேலே கட்டும் வெள்ளைத் துணியின் கம்புகளில் நான்கு மைக்கைத் தொங்கவிட்டு, நான்கு திசைக்கும் நான்கு சிறிய ஸ்பீக்கரை வெளிநோக்கிக் குறைந்த ஒலியில் வையுங்கள். மத்தளத்துக்குத் தனி மைக் வேண்டாம். அது எப்போதும் பாட்டை விழுங்கத்தான் பார்க்கும். விளக்கையும் ஒரு பக்கத்திலிருந்து அடிக்காதீர்கள். நான்கு கம்புகளிலும் மஞ்சள் கலந்த வெள்ளை ஒளி ஒவ்வொன்று போதும். நிறம் மாறி மாறி அடிக்கும் எல்.ஈ.டி விளக்கில் கண்ணாடி பதித்த முடியும் உடுப்பும் பச்சை நீலமாகி, முகத்தில் எழுதிய கோடே தெரியாமற் போகும்.

நேரம்? 20 நிமிடம் என்று போடுகிறீர்கள். இரண்டு பாத்திரத்தின் வரவுக்கே அது போதாது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் விடியவிடிய ஆடிய கூத்தைச் சுருக்கி அரங்குக்குக் கொண்டுவந்தபோதும் ஒரு முழுக்கதையைச் சொல்ல வேண்டிய நேரத்தைக் கொடுத்துத்தான் சுருக்கினார். 75 முதல் 90 நிமிடம் ஒதுக்குங்கள், அல்லது கூப்பிடாதீர்கள். ‘எல்லாக் கலையும் இடம்பெற வேண்டும்’ என்று ஒன்பது நிகழ்ச்சிகளை 15 நிமிடத் துண்டுகளாக வெட்டுவது விழா அறிக்கைக்கு நல்லது, படத்துக்கும் நல்லது. பார்ப்பவருக்கு ஒன்றும் மிஞ்சாது.

இரவுக் கூத்துக்குச் சட்டம் இடங்கொடாது என்று சொல்லும் குழுக்களும் உண்டு. 2007 இல் உயர் நீதிமன்றம் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி அனுமதி வழங்கக்கூடாது என வகுத்தது உண்மை. ஆனால் அது பேசுவது ஒலிபெருக்கியைப் பற்றி. ஒலிபெருக்கி இல்லாத களரியை 10 மணிக்குப் பிறகும் நடத்துவது பற்றிப் பொலிஸ் நிலையத்துடனும் அயலவருடனும் முன்கூட்டியே எழுத்தில் பேசிவையுங்கள். இரண்டு வார அவகாசம் கொடுங்கள், முதல் நாள் போய் நிற்காதீர்கள்.

சங்கீதத்துக்கு வருவோம். யாழ் நூல் எழுதிய விபுலாநந்த அடிகள் பிறந்தது காரைதீவில். அந்த மண்ணில் வீணைக் கச்சேரிக்கு நான்கு சப்-வூஃபரைப் போட்டுவிட்டு வீணை கேட்கவில்லை என்று சொல்வது எப்படி? தந்தி வாத்தியத்துக்கு அடித்தொனி ஸ்பீக்கரை முற்றாக அணைத்துவிடலாம். காற்று மைக்கில் மோதி எழுப்பும் ‘புஸ்’ ஒலிக்கு ஒவ்வொரு மைக்குக்கும் பஞ்சுறை போடுங்கள், மிக்சரில் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். வாவிக்கரையில் பொழுதுபட்டதும் ஈரம் ஏறுவதால் மிருதங்கத்தின் தோல் தளரும். 5 மணிக்குச் சேர்த்த சுருதி 7.30க்கு நிற்காது, மேடை ஏறுமுன் 10 நிமிடம் அவருக்குத் தனி இடம் கொடுங்கள். றபான், மத்தளம், பறைமேளம் எல்லாவற்றுக்கும் இதே தொல்லைதான். நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் மைக் கொடுப்பது வீண்செலவு, நடந்து வரவிடுங்கள், ஊரே கேட்கும். களிகம்புக்கும் தரைதான் நல்லது, கம்பு மோதும் ஓசை மேலே கட்டிய ஒற்றை மைக்கில் தெளிவாக விழும். மட்டக்களப்புப் பறங்கியரின் கபிறிஞ்ஞாவுக்கு வயலின் முன்னே கேட்க வேண்டும், அதற்குத் தனி மைக் கொடுத்துவிட்டு கிற்றாரைக் குறையுங்கள். நவீன இசைக்குழுவை எப்போதும் கடைசியில் வையுங்கள். அவர்களுக்குப் பின் யார் மேடையேறினாலும் சனத்தின் காது அவர்களுக்கு இல்லை.

பகிடிக்கு மைதானமே பகை. சிரிப்பு பக்கத்தில் இருப்பவரிடமிருந்து தொற்றுவது, திறந்த வெளியில் அது மேலே போய்விடும். 120 முதல் 150 பேர் நெருங்கி இருக்கும் தாழ்ந்த கூரையுள்ள மண்டபம் அதற்குச் சரி. பாடசாலை மண்டபமென்றால் பின்சுவரிலும் பக்கச் சுவர்களிலும் பழைய சேலை, மெத்தைத் துணி கட்டுங்கள், தகரக் கூரையின் எதிரொலியில் பகிடியின் கடைசிச் சொல் தொலைந்தால் பகிடியே தொலைந்தது. கதிரைகளை நீளத்துக்குப் போடாமல் அகலத்துக்குப் போடுங்கள். முன்னால் சோபா வேண்டாம். பிரமுகர் இருக்கும் இரண்டு வரிசை சிரிக்குமுன் ஒருவரையொருவர் பார்க்கும், பின்னால் உள்ளவர் அந்த முதுகுகளைப் பார்ப்பார், மேடையில் நிற்பவருக்கு அங்கேயே வாய் கட்டிப்போகும். நேரான ஸ்ராண்டில் ஒரு மைக், காலடியில் அவருக்குக் கேட்க ஒரு ஸ்பீக்கர், முதல் மூன்று வரிசையின் முகம் அவருக்குத் தெரியும் அளவுக்கு மண்டபத்தில் வெளிச்சம். ஒருவருக்கு 15 நிமிடம், மொத்தம் 70 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். மௌன அஞ்சலிக்கோ இரங்கலுரைக்கோ அடுத்த நிகழ்ச்சியாகப் பகிடியைப் போடாதீர்கள். இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதே ஒரு பகிடி. தென்னிந்தியத் தொலைக்காட்சி பாணியில் பேசுபவரைத் தேடிப் பணத்தைச் செலவழிக்குமுன், நம்மிடம் மகிடிக் கூத்து இருக்கிறது, கூத்தில் கட்டியகாரன் இருக்கிறான் என்பதை யோசியுங்கள். ஊர்ப்பேச்சில் எழுதி ஆடத் தெரிந்த இளையவர்களும் இருக்கிறார்கள்.

உரைகளை இரவில் வைக்காதீர்கள். காலை 8.30 முதல் 10.30 வரை, கிடுகுப் பந்தலின் கீழ். தகரப் பந்தல் 10 மணிக்கே அனலைக் கீழே இறக்கும், கிடுகு அப்படிச் செய்யாது. ஒருவருக்கு 35 நிமிடம், கேள்விக்கு 20. கேள்விக்கு இரண்டாவது மைக் கட்டாயம், அதைத் தூக்கிக்கொண்டு ஓட ஒருவர் கட்டாயம். பேசுபவர் மைக்கிலிருந்து நான்கு விரற்கடைத் தூரத்தில் நிற்க வேண்டும் என்பதை மேசையில் எழுதி ஒட்டிவிடுங்கள். அன்றிரவு ஆடும் கூத்தின் அண்ணாவியாரைக் காலையில் அழைத்து, இரண்டு தாளக்கட்டை அடித்துக்காட்டி விளக்கச் சொன்னால், வடமோடி எது தென்மோடி எது என்று தெரியாத பிள்ளைகள் இரவில் வேறு கண்ணோடு பார்ப்பார்கள். அதற்கு மேலதிகச் செலவு ஒரு வான் மட்டுமே.

மின்சாரத்தில் பிழைத்தால் மேலே சொன்ன எதுவும் நிற்காது. 1,000 வாட்ஸ் பழைய ஹலஜன் விளக்கு 12 என்றால் அதுவே 12 கிலோவாட், ஒலி, கடைகள் சேர்த்து 17 வரும், அதற்கு 30 கே.வி.ஏ ஜெனரேற்றர் வேண்டும். அதே 12 விளக்கும் 150 வாட்ஸ் எல்.ஈ.டி ஆனால் 1.8 கிலோவாட்தான், 15 கே.வி.ஏ போதும். டீசலில் மிஞ்சும் காசு எல்.ஈ.டி வாடகையின் ஒரு பகுதியைக் கட்டும். ஜெனரேற்றரை 40, 50 மீற்றர் தள்ளிக் காற்று போகும் பக்கத்தில் வையுங்கள், ஆனால் அதற்கான வயரைக் கவனியுங்கள். 2.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரில் 50 மீற்றர் தூரத்துக்கு 20 அம்பியர் ஓடினால் 15 வோல்ற் வழியிலேயே தொலையும். 6 சதுர மில்லிமீற்றரில் 6 வோல்ற்தான். ஐஸ்கிரீம் கடையின் குளிரூட்டியை ஒலிக்குப் போகும் வயரில் மாட்டாதீர்கள். அதன் மோட்டர் இழுக்கும் கணத்தில் டிஜிற்றல் மிக்சர் அணைந்து, திரும்பி எழ ஒரு நிமிடம் எடுக்கும். ஒரு பாட்டின் நடுவே அது எவ்வளவு நீளமென்று பாடகரிடம் கேளுங்கள். மிக்சருக்கு மட்டும் ஒரு யூ.பி.எஸ் போட்டுவிட்டால் அந்தக் கவலை இல்லை. விளக்குக்கும் ஒலிக்கும் மின்சாரத்தின் வெவ்வேறு பேஸை (phase) எடுங்கள். புவித்தொடுப்புக் கம்பியை உலர்ந்த மணலில் இரண்டடி குத்திவிட்டுப் போவது நம்மூரில் வழக்கம். உலர்ந்த மணல் மின்னைக் கடத்தாது. ஈரமண் வரும்வரை இறக்குங்கள், வாவியோரத்தில் அது ஆழமில்லை. 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிச் இல்லாத செற்றை மேடைக்கு ஏற்றவே விடாதீர்கள், பிள்ளைகள் வெறுங்காலோடு ஆடுகிறார்கள்.

தொடக்க வைபவத்தைக் கூட்டிப் பாருங்கள். மங்கள விளக்கு, மௌன வணக்கம், நான்கு ஆசியுரை, வரவேற்புரை, தலைமையுரை, மூன்று அதிதிகளின் உரை, பொன்னாடை, நினைவுச்சின்னம், நன்றியுரை. ஆளுக்கு 7 நிமிடமென்று எடுத்தாலும் ஒன்றரை மணி. 6.45க்குத் தொடங்கினால் முதல் நிகழ்ச்சி 8.15க்கு, ஒலி நிற்க வேண்டியது 10க்கு. மொத்த விழாவில் ஏறக்குறைய பாதி. கெளரவிப்புகளை எல்லாம் மாலை 5 மணிக்கு ஒரு தேநீரோடு மண்டபத்தில் முடித்து, மேடையில் விளக்கேற்றலும் ஐந்து நிமிட வரவேற்பும் மட்டும் வையுங்கள். அதிதிகள் கோபிப்பார்கள் என்று பயப்படுகிறீர்கள். உரை இல்லை, முன்வரிசையில் இடம் உண்டு என்று அழைப்பிதழிலேயே அச்சடித்தால் வருபவர் கலைக்காக வருவார்.

பெண்கள் 8.30க்கு எழும்பிப் போவதைக் குழுக்கள் ‘ஆர்வமின்மை’ என்று அறிக்கையில் எழுதுகின்றன. கழிப்பறை இல்லை, கடைசி பஸ் இல்லை, இவைதான் காரணம். 1,000 பேருக்கு 12 கழிப்பறை, அதில் 8 பெண்களுக்கு, உள்ளே விளக்கு, வாளியில் நீர். குடிநீருக்குச் சபையின் பவுசரில் 2,000 லீற்றர் கொண்டுவந்தால் பிளாஸ்ரிக் போத்தல் குவியாது. படுவான்கரைக்குப் போகிறவர்களுக்கு இரவு வீதியில் யானைப் பயம். வவுணதீவு, வெல்லாவெளிப் பக்கத்துக்கு 9.45க்கு ஒரு பஸ்ஸை டிப்போவில் கேட்டு ஒழுங்கு செய்யுங்கள், நேரத்தை அழைப்பிதழில் போடுங்கள். முடியாதென்றால் அந்தப் பக்கத்துக்கென ஒரு பகல் நிகழ்ச்சியை அங்கேயே நடத்துங்கள். கூத்து வளர்த்த ஊர்களை வாவிக்குக் கிழக்கே எழுவான்கரைக்கு வண்டி பிடித்து வந்து பார்க்கச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

கடைசியாகக் காசு. 20 பேர் கொண்ட கூத்துக்குழுவுக்குப் போக்குவரத்து, இரண்டு வேளைச் சாப்பாடு, ஒப்பனை, உடுப்பு வாடகை, ஆளுக்கொரு நாட்கூலி என்று தனித்தனித் தலைப்பில் எழுதுங்கள். ‘அன்பளிப்பு’ என்ற ஒரே தலைப்பில் போட்டால் கணக்காய்வில் முதலில் வெட்டுப்படுவது அதுதான். அண்ணாவியாரிடம் பற்றுச்சீட்டுப் புத்தகம் கேட்காதீர்கள், கொடுப்பனவுப் பத்திரத்தை நீங்களே தயாரித்து வைத்து விழா இரவே கையொப்பம் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். ஒலி, ஒளிக்காரருக்கு 40 சதவீதம் முற்பணம், மீதி 30 நாளுக்குள் என்று கூறுவிலைக் கடிதத்திலேயே குறிப்பிட்டால் கேட்கும் விலையே குறையும். ஆறு மாதம் கழித்துக் கிடைக்கும் காசுக்கு விலை சொல்பவர் வட்டியையும் சேர்த்துத்தான் சொல்வார். மேலே சொன்ன விபரங்களைப் போட்டு ஒரு பக்க மாதிரிக் கூறுவிலைப் படிவம் ஒன்றைத் தயாரித்திருக்கிறோம். கேட்கும் சபைக்கும் செயலகத்துக்கும் இலவசமாகத் தருவோம், உங்கள் மைதானத்தை வந்து பார்த்து அதை நிரப்பியும் தருவோம். பங்குனிக்குள் கேளுங்கள்.

இப்படிக்கு,
மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் மேடை, ஒலி, ஒளி வேலை செய்வோர் சிலர்